டேப்பை எதால் அறுத்தான்

முதல் வாசிப்பில் கதை இரண்டே பக்கம். தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் இறங்கி ஒரு பெண்ணின் விரல்களைக் கொண்டுபோகிறது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சுகிறது. அவள் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து மெஷின்காரி ஓடிவந்து சுவிட்சை அணைக்கிறாள். அதோடு கதை முடிந்தது.

டில்லிபாபு வாசித்து முடித்துத் தாள்களை மடியில் கவிழ்த்து வைத்தான். கீழே சீனிவாசனின் மெக்கானிக் கடையில் யாரோ ஒரு பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். வண்டி கிளம்பவில்லை.

"வெரலுங்க போவுது. ஒரு சத்தம் கூடவா வரல?" என்றான் டில்லிபாபு. "ரத்தம் கீது, மெஷின் கீது. வலி எங்க? நம்புற மாரி இல்லியே."

பலர் தலையாட்டினார்கள். மூன்றாவது வரிசையில் தங்கமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதை அவளுடையது. அது டில்லிபாபு ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒரகடம் கூட்டுரோட்டில் அந்தக் கடையின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஞாயிறு காலைகளில் அவர்கள் கூடினார்கள். எல்லோரும் கம்பெனி ஆட்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எழுதியவர் யார் என்று சொல்லக் கூடாது. எழுதியவர் வாசிக்கவும் கூடாது. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, தன் கதையை மற்றவர்கள் பிய்த்துப் போடுவதை வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். பிறகு மாற்றி எழுதிக் கொண்டுவர வேண்டும். கேள்விகள் தீரும்வரை அதே கதைதான். ஆரம்ப நாட்களில் ஒருவன் காதல் கதை எழுதி, அதில் வரும் பெண்ணின் பெயராலேயே அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊரைவிட்டே போகவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது.

வாசிப்பது எப்போதும் டில்லிபாபு. கார் சீட் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். சேரப்பணஞ்சேரிக்காரன். தபாலில் தமிழ் எம்.ஏ. படித்தவன். குரல் நன்றாக இருக்கும். எழுதியவர்கள் தாள்களை அவன் கையில் கொடுத்துவிடுவார்கள், அவன் வாய் விடமாட்டான். விமர்சனத்தைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. எழுதி முடித்து வைத்திருப்பது கதை இல்லை. நாம் கேட்ட பிறகு அது மாறுகிறதே, அந்த மாறுகிற வேலைக்குத்தான் கதை என்று பெயர். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வான். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

இரண்டாவது வாசிப்பில் அலறல் வந்துவிட்டது. அரைப் பக்கத்துக்கு அலறல். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள் என்று தங்கமாரி எழுதியிருந்தாள். டில்லிபாபு அதை அடிவயிற்றிலிருந்து வாசித்தான். முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். இப்போதுதான் கதை நிற்கிறது என்றார்கள்.

அன்றைக்கு வேறொரு கேள்வி வந்தது. இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அப்படியிருக்க ஒரு கை எப்படி உள்ளே போனது? மூன்றாவது வாசிப்பில் அதற்கு விடை இருந்தது. வேகமாகப் பீஸ் வரவேண்டும் என்று ஒருவன் ஒரு பட்டனை டேப் சுற்றி அழுத்தியபடியே வைத்துவிடுகிறான். இனி ஒரு கையால் பீஸை வைக்கலாம், ஒரு கையால் அழுத்தலாம். அறையில் பெருமூச்சு கேட்டது. எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் எழுதியதில்லை.

டில்லிபாபு தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"டேப்பை எதால அறுத்தான்?" என்றான். "கேட்டுலயே செக் பண்றாங்க. கத்தி, பிளேடு எதுவும் உள்ள போவாது. கதை சொல்றவங்களுக்கு அந்த ஆளு கண்ணுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா எதால அறுத்தான்னு எழுதியிருப்பாங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி அவனுக்கு இனித்தது. அச்சில் வருகிற பெரிய விமர்சகன்கூட இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

நான்காவது வாசிப்பில் தங்கமாரி பதில் எழுதியிருந்தாள். 'அவனுக்கு முன்பல் இரண்டும் இல்லை. தலையைச் சாய்த்து, டேப்பைக் கடைவாய்க்குக் கொண்டுபோய்க் கடித்து அறுத்தான். நாய் எலும்பைக் கடிப்பதுபோல. கடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.'

டில்லிபாபுவே அந்த இடத்தில் ஒரு நொடி நின்றுவிட்டான். அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வாசிப்பையும் வழக்கம்போல் சீனிவாசன் போனில் பதிவு செய்தான். ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் கேட்கட்டும் என்று குரூப்பில் போட்டான். செவ்வாய்க்கிழமைக்குள் அது ஸ்ரீபெரும்புதூர்வரை எல்லாக் கம்பெனி கேன்டீனிலும் ஓடிவிட்டது. கதையில் பெயர் எதுவும் இல்லை. தேவைப்படவும் இல்லை. கபடியில் முன்பல் இரண்டையும் தொலைத்த லேபர் கான்ட்ராக்டர் இந்தப் பக்கம் ஒருவன்தான். ஏகாம்பரம். பிரஸ் கம்பெனிக்கு ஆள் விடுகிறவன் அவன். அந்தப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலும் அவனுடையது. நிஜத்தில் விரல்களை இழந்த சுபஸ்ரீ, மெஷினில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள் என்று சொல்லி அவளை ஊருக்கு அனுப்பி வைத்தவனும் அவன்தான்.

பக்கத்து மெஷினில் நின்றவள் தங்கமாரி. சாத்தூர்ப் பக்கத்துப் பெண். அவனுடைய ஹாஸ்டலில் அவன் வாடகைக்கு விட்ட கட்டிலில் தூங்குகிறவள். பெயர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதை அவளுக்கும் டில்லிபாபுவுக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

செவ்வாய் முதல் ஷிஃப்ட் முடிந்து டில்லிபாபு பைக்கை எடுத்தபோது இரண்டு வண்டிகள் அவனை மறித்தன. பட்டப்பகல். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஏகாம்பரத்தின் ஆள் ரஞ்சித் பின்னால் ஏறி உட்கார்ந்து, விலாவில் எதையோ வைத்து அழுத்தினான். வாலாஜாபாத் ரோட்டில் பிளாட் போட்டுக் கல் நட்டிருந்த ஒரு பொட்டலுக்குப் போனார்கள். வரவேற்பு வளைவு மட்டும் கட்டி வண்ணம் அடித்திருந்தார்கள். உள்ளே ஒரு வீடும் இல்லை.

ஏகாம்பரம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, ஏற்றிக் கட்டிய வேட்டி. டில்லிபாபுவைத் தரையில் உட்காரச் சொன்னான்.

"வாத்தியாரே, உன் கொரலு நல்லா கீது" என்றான். "யாரு எழுதினது?"

"நான்தான்."

"நீ சீட்டு கம்பெனி. பிரஸ் ஷாப்ல நடந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ரஞ்சித்தின் கையிலிருந்தது முதுகில் இறங்கியபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. பிரஸ் மெஷினின் ஹைட்ராலிக் ஹோஸ். உள்ளே கம்பி பின்னிய கறுப்பு ரப்பர் குழாய். அடித்த இடத்தில் முதலில் சூடு வந்தது. வலி அதற்குப் பிறகு வந்தது.

ஏகாம்பரம் போனை எடுத்தான். பொட்டல் முழுக்க டில்லிபாபுவின் குரல் எழுந்தது. அவன் கதையை முதலிலிருந்து போட்டுக் கேட்டான். தப்பு என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினான். நிறுத்தும்போதெல்லாம் ரஞ்சித் அடித்தான்.

நீலச் சட்டை என்று எழுதியிருக்கிறதே, நான் என்றைக்கு நீலம் போட்டேன் என்று கேட்டான். ஓர் அடி. டேப் கட்டியது அன்றைய ஷிஃப்ட்டில் இல்லை, அதற்கு முந்தின நாள் என்றான். ஓர் அடி. கடித்தது வாஸ்தவம், சிரித்தது பொய் என்றான். அதற்கு இரண்டு. டில்லிபாபு மல்லாந்து, பிறகு குப்புற விழுந்தான். வாயில் மண் போனது. விமர்சனத்தின்போது பேசக் கூடாது என்ற வழக்கம் அவன் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரப் பார்த்தது. விலாவில் ஏதோ முறிந்திருந்ததால் சிரிக்க முடியவில்லை.

நான்தான் எழுதினேன் என்று சொன்னது பொய்யா என்று யோசித்தான். பட்டனைக் கேட்டது கூட்டம். டேப்பைக் கேட்டுப் பல்லை வரவழைத்தது அவன். அந்தப் பல் கதைக்குள் வராமலிருந்தால் இந்தப் பொட்டல் இல்லை. தங்கமாரி எழுதிக் கொண்டுவந்தது இரண்டு பக்கம். மீதியை இழுத்து வெளியே போட்டது யார்?

போனில் அலறல் வந்தது. அவனுடைய குரல்தான் அலறியது. அடிவயிற்றிலிருந்து.

ஏகாம்பரம் நிறுத்தினான். ரஞ்சித் ஹோஸை ஓங்கினான். வேண்டாம் என்று ஏகாம்பரம் கையைக் காட்டினான். கல்லைவிட்டு இறங்கி டில்லிபாபுவின் முகத்துக்குப் பக்கத்தில் குந்தினான். வெற்றிலை வாசனை அடித்தது.

"அவ கத்தல" என்றான்.

டில்லிபாபு கண்ணைத் திறந்தான்.

"நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். அந்தப் பொண்ணு கத்தல. கையப் பாத்துகினே நின்னுது. கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும். இன்னா மயிருக்கு கத்துனான்னு எழுதின?"

டில்லிபாபுவுக்கு முதல் வாசிப்பின் இரண்டு பக்கங்கள் கண்முன் வந்தன. தங்கமாரியின் சாய்வான கையெழுத்து. 'அவள் கத்தவில்லை.' அந்த வரியை அடித்தது யாருடைய கேள்வி என்பதும் நினைவுக்கு வந்தது. உடம்பில் விழுந்த எந்த அடியும் அந்த நினைவு குத்திய ஆழத்துக்குப் போகவில்லை.

"பேரச் சொல்லு. வூட்டுக்குப் போ" என்றான் ஏகாம்பரம்.

டில்லிபாபு மாட்டேன் என்று தலையை ஆட்டினான். ஏகாம்பரம் எழுந்து, செருப்புக் காலைத் தூக்கி அவன் தாடையில் மிதித்தான். பச்சைக் குச்சியை ஒடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது மிதியின் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பற்களுக்கு இடையில் ஸ்ட்ரா செருகி அவன் மனைவி உமாதேவி கஞ்சி ஊற்றினாள். அவள் கோபத்தில் அதிகம் பேசுகிறவள் இல்லை. "கதைக்கா உதை வாங்கின" என்று ஒரு தடவை கேட்டாள். போலீசுக்குப் போகலாம் என்றாள். அவன் வேண்டாம் என்று எழுதிக் காட்டினான். போலீசும் முதலில் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள்: யார் எழுதியது?

வெள்ளிக்கிழமை தங்கமாரி வந்தாள். கம்பெனி யூனிபார்மோடு வந்திருந்தாள். உமாதேவி டீ வாங்கக் கீழே போகும்வரை காத்திருந்தாள். பிறகு ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"எதால அடிச்சாக, அண்ணே?"

டில்லிபாபு அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் இரக்கம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த முகம். தாளைத் திருப்பிப் பார்க்கும்போது தன் முகம் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

போனில் தட்டிக் காட்டினான். பிரஸ் ஹோஸ்.

அவள் தலையசைத்தாள். எந்த மெஷினிலிருந்து கழற்றியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவன் மறுபடியும் தட்டினான். அவ கத்தல.

"எனக்குத் தெரியும்லண்ணே" என்றாள் தங்கமாரி. "மொதல்ல அப்படித்தான எழுதிக் குடுத்தேன். நீங்கதான நம்புற மாதிரி இல்லன்னு சொன்னீக."

குரலில் குற்றம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுபஸ்ரீயும் அந்தப் பதிவை ஊரிலிருந்து கேட்டாளாம். ராத்திரியெல்லாம் அதையே போட்டுக் கேட்டுவிட்டு, காலையில் கூப்பிட்டிருக்கிறாள். பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. டேப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"'நான் எப்பக்கா கத்துனேன்?'னு கேட்டாண்ணே. அதுக்கப்புறம் போன எடுக்க மாட்டேங்கா."

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது வாசிப்பு வைக்கப் போவதாகச் சொன்னாள். சீனிவாசன் பயப்படுகிறாராம். அடுத்த வாசிப்பு நடந்தால் மாடி ஏறி வருவேன் என்று ஏகாம்பரம் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறானாம். டில்லிபாபு வேகமாகத் தட்டினான். வேணாம். கொஞ்ச நாள் போவட்டும். உன் பேரு யாருக்கும் தெரியாது.

அவள் அதைப் படித்தாள். போனை அவன் கையிலேயே மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"என் அடிய நீங்க ஏண்ணே வாங்கணும்?" என்றாள்.

ஞாயிறன்று பாதிப் பேர் வரவில்லை. டில்லிபாபு உமாதேவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். கடையைத் தாண்டும்போது அவளை முன்னால் போகச் சைகை காட்டிவிட்டு, சீனிவாசன் பார்க்கவே ஒரு வீல் ஸ்பேனரை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டான். சீனிவாசனும் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு மேலே வந்தான்.

டில்லிபாபு வாசிக்கிற நாற்காலியில் தங்கமாரி உட்கார்ந்தாள். சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீனிவாசன் போனை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டான். அவள் அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"இத எழுதுனது தங்கமாரி" என்றாள். "வாசிக்கதும் தங்கமாரிதான்."

டில்லிபாபு எழுந்துவிட்டான். பூட்டிய தாடைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அந்தப் பெயரை மறைக்கத்தானே அவன் மண்ணைத் தின்றான். அவள் அவனைப் பார்த்தாள். உட்காருங்கள் என்று கண்ணால் சொல்லிவிட்டுத் தாளைக் குனிந்து பார்த்தாள்.

அவள் வாசிப்பு நன்றாக இல்லை. கிடுகிடுவென்று ஓடியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நீலச் சட்டை வெள்ளையாகியிருந்தது. அது அவள் தானாகவே மாற்றியது. டேப் கட்டுகிற இடம் வந்தபோது கீழே பைக்குகள் வந்து நின்றன. ஷட்டரை யாரோ ஓங்கி உதைத்தார்கள்.

அறையில் நான்கைந்து பேர் எழுந்தார்கள். தங்கமாரியின் குரல் ஒரு சொல்லில் தடுக்கியது, மறுபடியும் ஓடியது. டில்லிபாபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டின் தலைக்குப் போனான். துண்டு கீழே விழுந்தது.

படி குறுகல். ஒரு சமயத்தில் ஒருவன்தான் ஏற முடியும். ரஞ்சித் முதலில் வந்தான். கையில் அதே ஹோஸ்.

"இன்னாடா வாத்தி, வாய் ஒட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினான்.

டில்லிபாபு அதுவரை யாரையும் அடித்ததில்லை. எங்கே அடிக்க வேண்டும் என்று தெரியவில்லை. ஹோஸைப் பிடித்திருந்த கையைப் பார்த்து ஸ்பேனரை இறக்கினான். மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு விலகியதை அவன் தன் உள்ளங்கையில் உணர்ந்தான். ரஞ்சித் அலறினான். தகரக் கூரை அதிரும்படி அலறினான். சுவரில் மோதி, பின்னால் வந்த ஏகாம்பரத்தின்மேல் சாய்ந்தான்.

டில்லிபாபுவின் வாய்க்குள் கம்பி எங்கோ குத்தி ரத்தம் வந்தது. துப்ப வழியில்லாமல் விழுங்கினான். இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து மறுபடியும் ஓங்கி நின்றான். அடிக்க வேண்டும் என்று ஆசையாகவே இருந்தது. அந்த ஆசை அவனுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

ஏகாம்பரம் ரஞ்சித்தைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு ஒரு படி ஏறினான். தலையைச் சாய்த்து மேலேயிருந்து வந்த குரலைக் கேட்டான்.

"மாரியா அது?" என்றான். "நம்ம ஹாஸ்டல் மாரியா?"

அவனுக்குத் தெரிந்துவிட்டது. டில்லிபாபுவால் பேசவும் முடியாது, இனி மறைக்கவும் முடியாது. ஏகாம்பரம் இன்னொரு படி ஏறினான். ஸ்பேனர் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டான்.

உள்ளே கதையில் பிரஸ் இறங்கிவிட்டது. தங்கமாரியின் குரல் இப்போது ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அவள் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டேப் கட்டியவனும் அங்கேதான் நின்றான். அவனும் அந்தக் கையைப் பார்த்தான்."

ஏகாம்பரத்தின் கால் அடுத்த படிக்குத் தூக்கியபடியே இருந்தது. பிறகு அவன் அதை இருந்த படியிலேயே வைத்தான். கீழே ரஞ்சித் அழுதுகொண்டிருந்தான். சும்மா இருடா என்று ஏகாம்பரம் திரும்பாமலே சொன்னான்.

அவன் மேலே வரவில்லை. கீழேயும் போகவில்லை. டில்லிபாபு ஸ்பேனரை இறக்கவில்லை.

தங்கமாரி தாளைத் திருப்பினாள். இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது.